ஒரே திரைக்கு இரண்டு அட்டைகள்

ஆவிக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அத்தான்தான். அத்தான் என்றால் அக்காவின் கணவர். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், அடுத்தவர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதைத் தவிர இப்போது பெரிய வேலை எதுவும் இல்லாதவர். "செத்துப்போன கம்ப்யூட்டரோட ஆவியப் பிடிச்சு, உயிரோட இருக்கிற கம்ப்யூட்டருக்குள்ள இறக்குறா. இவள வேற என்னன்னு கூப்பிடுறது?" என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டார். அதோடு பெயர் ஒட்டிக்கொண்டது. தொலைபேசியில் கூப்பிடுகிறவர்கள்கூட "ஆவிக்காரி அம்மா இருக்காங்களா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தன் தொழிலை இதைவிடத் தெளிவாகத் தன்னாலேயே சொல்ல முடியாது என்றுதான் நினைத்தாள்.

தொழில் அப்படிப்பட்டதுதான். ஏதோ ஒரு பட்டறையில், ஏதோ ஒரு மூலையில், இருபது முப்பது வருடம் உழைத்த கணினி ஒன்று மண்டையைப் போடும். அதற்குள் ஓடிய புரோகிராம் புதுக் கணினியில் கால் வைக்காது. எழுதிய ஆள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அப்போது இவளைத் தேடி வருவார்கள். இவள் புதுக் கணினிக்குள் பழைய கணினியைப் போலவே நடிக்கிற ஒன்றை எழுதுவாள். பழைய புரோகிராம் தன் சொந்த வீட்டில்தான் இருக்கிறோம் என்று நம்பி நிம்மதியாக வேலை செய்யும். ஏமாற்று வேலைதான். ஆனால் இந்த ஏமாற்றில் ஒரு இம்மி பிசகினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால், உலகத்தில் இதைவிட நாணயமான வேலை இல்லை என்று அடித்துச் சொல்வாள்.

இதைப் படித்துவிட்டு வந்தவள் இல்லை. ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். புதுக் கணினி வந்தபோது, பழையதில் இருந்த அத்தனையையும் திரும்பத் தட்டச்சு செய்யச் சொன்னார் மேலாளர். ஒரு தடவை செய்த வேலையை மறுபடி செய்யச் சொன்னால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். வேறு வழியே இல்லையா என்று கேட்டாள். "முடியாதும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் அவளைக் கெடுத்தது. மதிய இடைவேளையெல்லாம் உட்கார்ந்து, கிடைத்த புத்தகத்தையெல்லாம் புரட்டி, பழைய கணினியைப் புதியதற்குள் ஓட வைத்தாள். மேலாளர் பாராட்டவில்லை, உனக்கெதற்கு இந்த வேண்டாத வேலை என்றார். அன்று மாலையே ராஜினாமா கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். "வேலைய விட்டுட்டேன்" என்றாள். அக்கா அவளை ஒரு பார்வை பார்த்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு இவளுக்கென்று ஆட்கள் தேடி வரும்வரை அந்த வீடு அக்காவின் சம்பளத்தில்தான் ஓடியது. அதை அக்கா ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

அக்கா மருத்துவமனையில் நர்ஸ். வார்டு முழுக்க அவள் ராஜ்ஜியம். பிறவியிலேயே அவளுக்கு வலது கால் இடது காலைவிடக் குட்டை. வலது செருப்பின் அடியில் தக்கை வைத்து உயர்த்திய பிரத்தியேகமான காலணி இல்லாமல் அவளால் நாள் முழுக்க நிற்க முடியாது. அந்தக் காலணியைச் செய்வது மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த பட்டறை. அந்தப் பட்டறையின் கணினிதான் இந்தத் தடவை மண்டையைப் போட்டது.

அதுவும் நேரம் பார்த்துத்தான் போட்டது. அக்காவின் காலணி விரிசல் விட்டு, தக்கை உதிர ஆரம்பித்திருந்தது. வீட்டுக்குள் அவள் நடப்பது காதில் விழும்போதே தங்கைக்குத் தெரியும்: ஒரு கால் திடமாக விழும், இன்னொன்று இழுத்துக்கொண்டு வரும். வார்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். மாதக் கடைசிக்குள் சரியாகவில்லை என்றால் கோப்பறைக்கு மாற்றிவிடலாம், உங்கள் நல்லதற்குத்தான் சொல்கிறேன் என்றார்.

"கோப்பறையில போய் உக்காந்து தூசியோட பேசிக்கிட்டு இருக்கவா?" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

வேறு பட்டறைக்குப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு அக்காவின் கால் தெரியாது. எத்தனையோ வருடமாக, ஒவ்வொரு ஜோடியையும் போட்டுப் பார்த்து, இங்கே வலிக்கிறது அங்கே இடிக்கிறது என்று சொல்லிச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திய அளவு அது. அக்காவின் இடுப்பு வலி மொத்தமும் அந்த எண்களில்தான் அடங்கியிருந்தது. அந்த எண்கள் பழைய கணினியின் ஹார்டு டிஸ்க் என்கிற வட்டுக்குள் இருந்தன. அவற்றைப் படிக்கத் தெரிந்தது அந்தப் பழைய புரோகிராம் ஒன்றுதான்.

"முடியுமாடி?" என்று கேட்டாள் அக்கா.

"என்கிட்ட வந்து முடியுமான்னு கேக்குற பாரு!" என்றாள் ஆவிக்காரி.

பட்டறைக்குள் நுழைந்தால் பசையின் நெடி மூக்கைத் துளைக்கும். நடத்துகிறவர் ஒரு பெண்மணி, எல்லோருக்கும் முதலாளியம்மா. வெட்டும் மேசையில் வேலை செய்கிறவர் தக்கைக்காரர். சட்டையிலிருந்து புருவம்வரை தக்கைத்தூள் படிந்திருக்கும். நன்றாகப் பேசுவார், பேசிக்கொண்டே கையும் ஓடும். ஆவிக்காரி கணினியின் பின்பக்கத்தைக் கழற்றியபோது அவர்தான் விளக்குப் பிடித்தார்.

உள்ளே இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று எழுத்துக்களைத் திரைக்கு அனுப்பும் அட்டை. இன்னொன்று படம் வரையும் அட்டை. ஆனால் மானிட்டர் ஒன்றுதான். எழுத்து அட்டையிலிருந்து ஒரு குட்டைக் கேபிள் கிளம்பி படஅட்டைக்குள் போனது. மானிட்டரின் கேபிள் படஅட்டையில் செருகியிருந்தது. படஅட்டையில் ஒரு சின்ன ரிலே, மின்சாரம் பட்டால் தானே சாயும் சுவிட்ச். அது இந்தப் பக்கம் சாய்ந்தால் எழுத்து தெரியும், அந்தப் பக்கம் சாய்ந்தால் படம் தெரியும்.

"டக்குன்னு ஒரு சத்தம் கேக்குமே, அதானா இது?" என்றார் தக்கைக்காரர். "திரை ஒரு நொடி கறுத்துப் போயிட்டு, அப்புறம்தான் படம் வரும். சனியன்."

அன்று வீட்டில் அத்தான் இதை விளக்கச் சொல்லிக் கேட்டார். "நீங்களும் அக்காவும் டிவி பாக்குற மாதிரிதான் அத்தான். ரெண்டு பேருக்கும் வேற வேற சேனல் வேணும். டிவி ஒண்ணு. ரிமோட் யார் கையில இருக்கோ அவங்க ஆட்சி."

"அப்ப நான் எப்பவும் அந்த எழுத்து அட்டைதான்" என்றார் அத்தான். "உள்ளயே கெடந்து புலம்பிக்கிட்டிருப்பேன், வெளிய யாருக்கும் தெரியாது."

ஆவிக்காரி வேலையை ஆரம்பித்தாள். வட்டு நல்லபடியாக இருந்தது. எழுத்து அட்டை போல நடிக்க வைப்பது அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. படஅட்டைதான் கொஞ்ச நாள் தண்ணி காட்டியது. அதையும் வழிக்குக் கொண்டுவந்தாள். வெட்டும் மேசையின் மோட்டார் பழைய கணினியின் வேகத்துக்குப் பழகியது, அவசரப்படுத்தினால் கத்தி தடுமாறும் என்பதால், புதுக் கணினியையும் பழையதைப் போலவே நிதானமாக நடக்க வைத்தாள்.

இந்த இடத்தில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இரண்டு அட்டைக்கும் ஒரே திரை எதற்கு? அது அந்தக் காலத்துத் தலையெழுத்து. மேசையில் இரண்டு மானிட்டர் வைக்க இடமில்லாமல் ஒன்றை வைத்திருப்பார்கள். இப்போது ஒரே அகலத் திரையில் இரண்டு ஜன்னல் போட்டுவிடலாமே: இடது பக்கம் எழுத்து, வலது பக்கம் படம். கறுப்பாகவும் வேண்டாம், டக்கென்றும் கேட்க வேண்டாம். பழைய புரோகிராம் படஅட்டைக்கு அடிக்கடி இரண்டு கட்டளைகள் அனுப்பிக்கொண்டிருந்தது: திரையைப் பிடி, திரையை விடு. இனி அவற்றுக்கு என்ன வேலை? வந்த கட்டளையை வாங்கி, சரி சரி என்று தலையாட்டி, காற்றில் விட்டுவிடும்படி எழுதினாள்.

பட்டறையில் அதைக் கண்டதும் தக்கைக்காரர் கைதட்டிவிட்டார். "ரெண்டும் ஒண்ணா தெரியுதே! அம்மா, பழசவிட இது பிரமாதம்!" முதலாளியம்மாவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. சோதனைக்கு வேறொருவர் எண்ணைப் போட்டுப் பார்த்த கையோடு, முன்னமே பேசியிருந்தபடி முதல் ஜோடியை அக்காவுக்கு வெட்டினார்கள். அது பசை காய்ந்ததும் வீட்டுக்கு வந்தது. ஆவிக்காரி அன்று தரையில் நடக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். செத்த கணினியைப் பிழைக்க வைத்ததோடு இல்லாமல், உயிரோடு இருந்தபோது இருந்ததைவிட நல்ல ஆளாகவும் ஆக்கிவிட்டோம் என்று அவளுக்கு அவ்வளவு பெருமை.

அக்கா போட்டுப் பார்த்தாள். கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். "பிரமாதம்டி" என்றாள்.

மறுநாள் காலை ஆவிக்காரி தன் அறையில் உட்கார்ந்திருந்தாள். அலமாரி முழுக்க செத்த கணினிகள், மேசை முழுக்க ஒயர்கள். அக்கா வேலைக்குக் கிளம்பி நடையில் போகும் சத்தம் கேட்டது. திடமாக ஒன்று, இழுத்துக்கொண்டு ஒன்று. புதுக் காலணிதானே, பழகட்டும் என்று விட்டாள். அதற்கடுத்த நாளும் அதே சத்தம். இந்தத் தடவை படியிறங்கும்போது நடுவில் ஒரு இடைவெளி விழுந்தது. நின்று மூச்சு வாங்கியிருக்கிறாள்.

ஓடிப்போய்ப் படியிலேயே மறித்தாள். "உண்மையச் சொல்லு. வலிக்குதா இல்லியா?"

"புதுசுல்ல..."

"அக்கா!"

அக்கா கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். "அளவு கச்சிதமா இருக்குடி. கால் உள்ள அழகாப் போய் உக்காருது. ஆனா ஒசரம் பத்தல. சரிஞ்சு சரிஞ்சு நடக்குறேன். நீ அவ்வளவு மெனக்கெட்டு செஞ்சு குடுத்திருக்க, எந்த வாயால சொல்றது?"

ஆவிக்காரிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. வலியைப் பொறுத்துக்கொண்டு தன்னைப் புகழ்ந்திருக்கிறாள் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "எனக்கு உன் சர்டிபிகேட் வேணாம். உன் கால் வேணும். கழட்டு அத!" என்று கத்திவிட்டு, அந்தக் காலணியைப் பையில் போட்டுக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனாள். அக்கா பழையதை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் போகும்போதே யோசித்துக்கொண்டு போனாள். வட்டில் எண் கெட்டுப்போயிருக்குமோ? அப்படியென்றால் அக்காவின் கால் மட்டுமில்லை, அந்தப் பட்டறையை நம்பியிருக்கிற அத்தனை கால்களும் போச்சு. அல்லது தன் கணக்கில் எங்கோ பிசகா? பட்டறையில் அக்காவின் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். படத்தில் உயரம் சரியாகத்தான் இருந்தது. கையிலிருந்த தக்கையை அளந்தாள், குறைவாக இருந்தது. படம் ஒன்று சொல்ல, தக்கை வேறொன்று சொன்னது.

"எங்க வெட்டுல தப்பே இல்லம்மா" என்றார் தக்கைக்காரர். முகம் வாடிவிட்டது. "திரையில என்ன இருந்துச்சோ அதத்தான் வெச்சேன். சத்தியமா."

"நம்புறேண்ணே. நீங்க ஒண்ணு செய்யுங்க. நான் இங்க இல்லேன்னு நெனச்சுக்குங்க. வழக்கம்போல ரெண்டு ஜோடி வெட்டுங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வேலை எளிமையானது. வாடிக்கையாளரின் எண்ணைத் தட்ட வேண்டும். புரோகிராம் கொஞ்ச நேரம் கணக்குப் போடும். அடிப்பாகத்தின் படம் வரும், அதில் உயரம் போட்டிருக்கும். அந்த உயரத்துக்குக் கத்தியைச் சக்கரத்தைத் திருகி வைப்பது தக்கைக்காரரின் வேலை. வடிவத்தை மெஷினே வெட்டிக்கொள்ளும். அவர் குனிந்து தக்கையை வைத்து மிதியை அழுத்தினால் முடிந்தது.

பின்னால் ஆள் இருக்கிற கூச்சத்தில் முதல் ஜோடியை நிதானமாக வெட்டினார், அது நன்றாகவே வந்தது. இரண்டாவதற்கு எண்ணைத் தட்டினார். இடது ஜன்னலில் பொறுக்கவும் என்று வந்தது. அவர் கண் அதற்குள் வலது ஜன்னலுக்குப் போயிருந்தது. அங்கே படம் இருந்தது, உயரம் இருந்தது. சக்கரத்தை அதற்குத் திருகினார். தக்கையை எடுக்கக் குனிந்தார். அவர் குனிந்திருந்தபோது வலது ஜன்னலில் படம் மாறியது.

ஆவிக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். அவர் பார்த்தது முந்தைய ஆளின் படம். கணக்குப் போட்டு முடியும்வரை படஅட்டையில் பழைய படம்தான் கிடக்கும். பழைய கணினியிலும் அப்படித்தான் கிடந்திருக்கும். ஆனால் அங்கே அதை ஒருவராலும் பார்க்க முடியாது, ஏனென்றால் கணக்கு ஆரம்பிக்கும்போதே புரோகிராம் படஅட்டையிடம் திரையை விடு என்று சொல்லிவிடும். புதுப் படம் வரைந்து முடித்த பிறகுதான் திரையைப் பிடி என்று சொல்லும். டக்கென்ற சத்தம், ஒரு நொடிக் கறுப்பு, அப்புறம் படம். அந்தக் கட்டளைகளைத்தான் இவள் வேலையில்லாதவை என்று காற்றில் விட்டிருந்தாள்.

"வெட்ட வேணாம்ணே, நிறுத்துங்க" என்றாள். "தப்பு உங்க கையில இல்ல. என் ரெண்டு ஜன்னல்ல இருக்கு."

அந்த வாரம் வெட்டியதையெல்லாம் மேசையில் கொண்டுவந்து அடுக்கச் சொல்லி ஒவ்வொன்றாக அளந்தார்கள். தக்கைக்காரர் டீ குடித்துக்கொண்டே ஆறஅமர வெட்டியவை சரியாக இருந்தன. சுறுசுறுப்பாக வெட்டியவை அத்தனையும் முந்தைய ஆளின் உயரத்தில் இருந்தன. நல்லவேளை, இன்னும் பசை போடவில்லை. அக்காவுடையது மட்டும்தான் சலுகையில் முதலில் வெளியே போயிருந்தது.

முதலாளியம்மா பிசகியவற்றைத் தனியே ஒதுக்கினார். பழையபடி ஒரே ஜன்னலாக்கிவிடுகிறேன் என்று ஆவிக்காரி சொன்னதும், "இதுக்கு எதுக்கு ஒரே ஜன்னலாக்கணும்? படத்து மேல பழசுன்னு எழுதிட்டா போதாதா?" என்றார்.

"ஆமாம்மா" என்றார் தக்கைக்காரர். "ரெண்டும் தெரியுறது எவ்வளவு வசதி. நான் இனிமே கவனமா இருந்துக்குறேன்."

அவள் ஒரு கணம் யோசித்துத்தான் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "இல்லண்ணே. உங்க கை வேகமான கை. கண்ணு படத்தப் பாத்ததும் கை சக்கரத்துக்குப் போயிடும். பழசுன்னு எழுதியிருக்கிறத அப்புறம் யார் படிக்கிறது? தயாராகாத படம் உங்க கண்ணுலயே படக்கூடாது. இத எழுதின ஆளு யோசிச்சுத்தான் செஞ்சிருக்கான். நான்தான் அதிகப்பிரசங்கித்தனமா அவன் வாயை அடைச்சுட்டேன். எனக்கு இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க."

"முடியுமா அதுக்குள்ள?" என்று கேட்டார் முதலாளியம்மா.

ஆவிக்காரி பையைத் திறந்தாள். அங்கேயே ஒரு மூலையில் மடிக்கணினியை விரித்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு ஜன்னலை ஒன்றாக்கினாள். திரை யாருடையது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைப் பழைய புரோகிராமிடமே திருப்பிக் கொடுத்தாள். உள்ளே இரண்டு அட்டையும் பழையபடி தங்கள் பாட்டுக்கு வேலை செய்தன. வெளியே தெரிந்தது ஒன்றுதான். தான் ஆசையாக ஒழித்த கறுப்பையும் திரும்பக் கொண்டுவந்தாள். பிறகு செத்த படஅட்டையிலிருந்த ரிலேவுக்கு ஒரு பேட்டரியைக் கொடுத்து, அது டக்கென்று விழும் சத்தத்தைப் பதிவு செய்து அதையும் சேர்த்தாள். கண் வேறெங்காவது இருந்தாலும் காது இருக்கிறதே.

மத்தியானம் தக்கைக்காரர் அக்காவின் எண்ணைத் தட்டினார். பொறுக்கவும் என்று வந்தது. வேறு எதுவும் இல்லை. அவருக்குப் பார்க்க ஒன்றும் இல்லாததால், முதலாளியம்மாவிடம் பேச ஆரம்பித்தார். பேச்சுக்கு நடுவில் டக்கென்று கேட்டது. பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டுத் திரும்பினார். கை தானாகச் சக்கரத்துக்குப் போனது.

"அடப்பாவி, இந்தச் சத்தத்தையா நான் இத்தன வருஷமா திட்டிக்கிட்டிருந்தேன்!" என்றார்.

மாதக் கடைசி நாள் காலையில், வேலைக்குப் போகிற வழியில் அக்கா பட்டறைக்கு வந்தாள். சுவரைப் பிடித்தபடிதான் வந்தாள். ஆவிக்காரி முன்னதாகவே போய்க் காத்திருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து பழையதைக் கழற்றிவிட்டு, புதியதை மாட்டினாள். எழுந்து நின்றாள். வெட்டும் மேசைவரை நடந்தாள், திரும்பினாள், கதவுவரை நடந்தாள். தங்கை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். திடமாக ஒன்று, திடமாக இன்னொன்று.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். "அய்யோ, ஏழாம் நம்பர் பெட்டுக்கு ஊசி போடணுமே!" என்றாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கி, சந்தில் சைக்கிளுக்கு ஒதுங்கி, திரும்பியே பார்க்காமல் விறுவிறுவென்று நடந்து மார்க்கெட் பக்கம் போய் மறைந்துவிட்டாள். சுவர் பக்கம் அவள் கை போகவேயில்லை.

தக்கைக்காரர் கதவருகில் வந்து நின்று பார்த்தார். "என்னம்மா இது? நல்லா இருக்கா இல்லியான்னு ஒரு வார்த்தை சொல்லாமயே போறாங்க?"

"போன தடவை பிரமாதம்னு சொன்னா" என்றாள் ஆவிக்காரி. "இப்ப காலைப் பத்தி நெனப்பே இல்லாம போறா."

ஸ்டூலுக்கு அடியில் அக்கா மறந்துவிட்டுப் போன பழைய ஜோடி கிடந்தது. அதை எடுத்துத் தூளைத் தட்டிப் பையில் போட்டுக்கொண்டாள்.